மெர்டேக்கா அரங்கத்தில் அலியோடு மோதியவர் ஃப்ரேசியர் அல்ல

"முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மூன்றாவது முறையாக மோதியது நம் கோலாலம்பூரில்தான்" என்று ஒரு குத்துச்சண்டைச் செய்தி, பழைய கறுப்பு வெள்ளைப் படத்தோடு புலனக் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

படத்தை உற்றுப் பாருங்கள். அலிக்கு எதிரே நிற்பவர் பொன்னிற முடிக்காரர், நல்ல உயரம். ஃப்ரேசியரோ கறுப்பின அமெரிக்கர், அலியைவிடக் குள்ளமானவர். படத்தில் இருப்பவர் ஜோ பக்னர், ஹங்கேரியில் பிறந்த பிரிட்டிஷ் வீரர். 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில், கொளுத்தும் வெயிலில், 15 சுற்றும் தாக்குப்பிடித்தார். நாக்அவுட் இல்லை, அலி வென்றது புள்ளியில். அதுவும் மறுமோதல்தான், 1973இல் லாஸ் வேகாஸில் இருவரும் ஒருமுறை மோதியிருந்தார்கள். 'ஜோ' என்ற பெயர்தான் குழப்பியிருக்க வேண்டும்.

அப்புறம், ஃப்ரேசியருடனான மூன்றாவது சண்டை மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 1இல், பிலிப்பைன்ஸில் நடந்தது. 14ஆவது சுற்று முடிந்ததும் ஃப்ரேசியரை அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் அடுத்த சுற்றுக்கு எழவிடவில்லை.

நம் ஊரில் உலகப் பட்டத்துக்கான சண்டை நடந்தது நிஜம். அந்தப் பெருமையைப் பக்னரின் பெயரோடே சொல்லுங்கள்.