ஃபஸ்ஸுக்கு முன்னால் பஃபர் வேண்டாம்

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு ஃபஸ் பெடலை ஒரு வருடம் திட்டிக்கொண்டே வாசித்திருக்கிறேன். ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் போட்ட, ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல். காதைக் குத்தும் இரைச்சல். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் சத்தம்தான் குறையும், கரகரப்பு அப்படியே நிற்கும். விற்றுவிடலாம் என்றிருந்தேன். ஒருநாள் சோம்பலில், சுருதி பார்க்கும் ட்யூனரை இடையில் மாட்டாமல் கிட்டாரை நேராக ஃபஸ்ஸில் செருகினேன். வால்யூமைப் பத்திலிருந்து ஏழுக்கு இறக்கியதும் கரகரப்பு கரைந்து, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக மணிபோலக் கேட்டது. வில்லன், முன்னால் உட்கார்ந்திருந்த ட்யூனருக்குள் இருந்த பஃபர், அதாவது சிக்னல் மங்காமல் தாங்கி அனுப்பும் சின்ன சர்க்யூட்!

1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்டில் இரண்டே ட்ரான்சிஸ்டர்கள். அதன் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின் எதிர்ப்பு, மிகக் குறைவு, சில கிலோ ஓம்தான். மற்ற பெடல்களில் இது பெரும்பாலும் லட்சக்கணக்கான ஓமில் இருக்கும். அதனால் தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பின் காயிலும் கிட்டாரின் வால்யூம் குமிழும் ஃபஸ் சர்க்யூட்டின் உறுப்புகளாகவே ஆகிவிடுகின்றன. அதிர்வெண் ஏற ஏறக் காயிலின் இம்பீடன்ஸும் ஏறும். ட்ரெபிள், அதாவது மேல் அதிர்வெண் ஒலி, தானாக மழுங்கும். வால்யூமைக் கொஞ்சம் திருப்பினால் நடுவில் ரெசிஸ்டன்ஸ் கூடி, ஃபஸ் சட்டென்று அடங்கும். இடையில் பஃபர் வந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கலே இல்லை. ஃபஸ்ஸுக்குத் தெரிவது பஃபர் மட்டும்தான். வயர்லெஸ் ரிசீவர், ஆக்டிவ் பிக்கப் இரண்டிலும் இதே கதை. இடையில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் இரைச்சல் குறையும், ஆனால் அந்த வால்யூம் வித்தை திரும்ப வராது. (பிக் மஃப் என்ற இன்னொரு வகை ஃபஸ் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், அது இதையெல்லாம் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.)

அதற்காகப் பஃபரே ஆகாது என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் சேர்க்கும், அது ட்ரெபிளைத் தின்னும். அணைத்தால் சிக்னலை அப்படியே நேராகக் கடத்திவிடும் ட்ரூ பைபாஸ் பெடல்களாகவே அடுக்கி, நீளமான கேபிளும் போட்டால், எல்லாம் அணைந்திருக்கும்போது கிட்டார் போர்வைக்குள் இருந்து பேசுவது போலிருக்கும். ஃபஸ்ஸுக்கு அடுத்ததாக ஒரு பஃபர் வைத்தால் தீர்ந்தது.

காலால் அசைத்து ஒலியை ‘வா வா’ என்று பேசவைக்கும் வாவா பெடல்தான் தலைவலி. ஃபஸ்ஸுக்கு முன்னால் வைத்தால் அதன் வீச்சு செத்துவிடும், சில நேரம் ஊளையிடும். அங்கே இரண்டுக்கும் நடுவில் பஃபர் தேவைதான். வா ஓடும்போது மட்டும் வேலை செய்யும் பஃபராக இருந்தால் உத்தமம். நான் அந்த வம்பே வேண்டாம் என்று வாவைப் பின்னால் தள்ளிவிட்டேன். குரல் கொஞ்சம் மாறுகிறது, சரி, பரவாயில்லை.

ட்யூனரும் இப்போது ஃபஸ்ஸுக்குப் பின்னால்தான். சுருதி சேர்க்கும்போது ஃபஸ்ஸை அணைக்க மறந்துவிடுவேன். ட்யூனர் விளக்குகள் பேய் பிடித்தது போல ஆடும்.