கிணற்றுக் கல்லுக்குள்ளை இருக்கிற சிப்பி

கிணறு வெட்டேக்கை வந்த கல்லுக்குள்ளை சிப்பி தெரியிற படத்தைப் போட்டு, சில ஆயிரம் வருசத்துக்கு முந்தின கடல்கோள் அள்ளி வந்தது எண்டு ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தேசிக்காய்ப் புளி விட்டால் அந்தக் கல் நுரைக்கும் எண்டும் சொல்லியிருக்கிறார். படம் சரி, ஆனா காலமும் வந்த விதமும் பிழை.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணுக்குக் கீழை கிடக்கிறது மயோசின் காலச் சுண்ணக்கல். மயோசின் எண்டால் ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் தொடங்கி 53 லட்சம் வருசத்துக்கு முந்தின காலம். ஆழமில்லாத கடலின்ரை அடியிலை சிப்பி, பவளம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணோடுகள் எல்லாம் படிஞ்சு இறுகித்தான் அந்தக் கல்லே உண்டானது. அலை கொண்டுவந்து செருகினதில்லை.

நீங்களே பாக்கலாம். கீரிமலைப் பக்கம் கிடக்கிற ஒரு துண்டை உடையுங்கோ. சிப்பி கல்லோடை கல்லாய் இறுகிக் கிடக்கும், நகத்தாலை கிளறினாலும் வராது; சிலதிலை ஓடு கரைஞ்சு அச்சு மட்டும் மிஞ்சியிருக்கும். கடல்கோள் அள்ளினது எண்டால் இளகின மணலோடை கல்லுக்கு மேலை கிடக்கவேணும். வயசுக்கு, இலங்கையின்ரை புவிச்சரிதவியல் வரைபடத்தை எடுத்து யாழ்ப்பாணத்துக்கு என்ன நிறம், அந்த நிறத்துக்கு என்ன காலம் எண்டு பாருங்கோ.

தேசிக்காய்ப் புளி விட்டால் கல் நுரைக்கும் எண்டு தம்பி சொன்னதும் உண்மைதான். ஆனா அது சுண்ணக்கல் எண்டதை மட்டும் காட்டும், வயசைச் சொல்லாது.