கெய்ர்ன்கார்ம்ஸை விட்டுவிடாதீர்கள்

ஸ்காட்லாந்தில் குழந்தைகளோடு பார்க்க எடின்பரோ கோட்டையும் லாக் நெஸ் ஏரியும் போதும் என்கிறது நான் படித்த ஒரு பயணக் கட்டுரை. சரி, அவை நல்ல இடங்கள்தான். ஆனால் சிறு பிள்ளைகள் இருந்தால் நான் முதலில் சொல்வது கெய்ர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியை. 1952-இல் மிக்கேல் உட்சி என்ற சாமி (வட ஐரோப்பியப் பழங்குடி) இனத்தவர் சுவீடனிலிருந்து ரெயின்டீர் மான்களைக் கொண்டுவந்தார். அந்த மந்தை இன்றும் மலையில் சுதந்திரமாக மேய்கிறது. மலையடிவாரத்தில் உள்ள கிளென்மோரிலிருந்து வழிகாட்டியோடு ஏறிப் போனால் மான்கள் பக்கத்திலேயே வந்து நிற்கும். அப்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நடந்து அலுத்தால் பக்கத்து ஊரான ஏவிமோரில் நீராவி ரயில் இருக்கிறது. அப்புறம் ஒன்று: கோடை மாலைகளில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி பிடுங்கி எடுத்துவிடும். பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை கட்டாயம். ஜூலையிலும் மழைக்கோட்டு வேண்டும்.