புள்ளியை மட்டும் பார்த்தால் போதாது

செலவழிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஒரு வெகுமதிப் புள்ளி தரும் டெபிட் கார்டே நல்லது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, ஒரு புள்ளிக்கு என்ன பெறுமதி? 25 சதம் என்றே வைப்போம். மாதம் 40,000 ரூபாய்க்கு கார்ட் போட்டால் 400 புள்ளி, அதாவது வெறும் 100 ரூபாய். வருடத்துக்கு 1,200. ஆண்டுக் கட்டணம் 750, எஸ்எம்எஸ்ஸுக்கு மாதம் 30 என்று வங்கி வெட்டினால் மிஞ்சுவது 90 ரூபாய்தான். கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு பிளேன்டீயோடு சரி!

சுப்பர் மார்க்கெட்டில் தொங்கும் விலைக்கழிவு அறிவித்தல்களையும் கிட்டப் போய் வாசியுங்கள். பெரிய எழுத்தில் 20 வீதம், கீழே பொடி எழுத்தில் 'கிரெடிட் கார்டுக்கு மட்டும்'. டெபிட்டுக்கும் உண்டென்றால் எந்தக் கிழமை, குறைந்தது எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்பதைப் பாருங்கள்.

அப்புறம், புறக்கோட்டையில் சில கடைகளில் கார்டை நீட்டினாலே 3 வீதம் கூடக் கேட்பார்கள். அப்படிக் கேட்கக்கூடாது என்று இலங்கை மத்திய வங்கியே சொல்லியிருக்கிறது. கொடுத்தீர்களோ, 40,000க்கு 1,200 போச்சு. வருடம் முழுக்கச் சேர்த்த புள்ளி ஒரே பில்லில் காலி. என்னைக் கேட்டால், ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்ட், வீட்டுக்குக் கிட்ட அந்த வங்கியின் ஏடிஎம், இவை இருந்தால் போதும். புள்ளி வந்தால் வரட்டும்.