எலி காலை நக்கவில்லை என்றால் வலி போய்விட்டதா?

"சூடான தட்டில் நிறுத்திய எலி காலை நக்கவே இல்லை. இந்த மூலிகைக் கஷாயம் மார்ஃபினையே வென்றுவிட்டது, இனி வலி மாத்திரை வேண்டாம்" என்றொரு செய்தி வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. அந்த முடிவு தவறு.

சோதனை உண்மையானதுதான், 1944 முதல் இருக்கிறது. தட்டின் சூடு சுமார் 55 டிகிரி செல்சியஸ். மேலே விட்ட சுண்டெலி காலை உதறும், நக்கும், துள்ளும். அந்த நொடியே எடுத்துவிட வேண்டும். எதுவும் செய்யாவிட்டாலும், பாதம் புண்ணாகாமலிருக்க, முன்பே குறித்த விநாடிக்குமேல் விடக்கூடாது.

சிக்கல் இங்கேதான். மருந்து தசையைத் தளர்த்தினாலோ மயக்கம் தந்தாலோ, வலித்தாலும் எலியால் சட்டென்று காலைத் தூக்க முடியாது. பார்ப்பவருக்கு வலி குறைந்ததுபோலத் தெரியும். இதைப் பிரித்தறியத்தான் ரோட்டாராட் கருவி: சுழலும் தடியில் எலி எத்தனை விநாடி தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். தசையைத் தளர்த்தி மயக்கம் தரும் டயஸெபாம் என்ற மருந்து போட்ட எலி சீக்கிரமே நழுவி விழும். ஃபார்வர்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரண்டிலும் தேறினாலும் அது எலிக்கணக்குதான். மனிதர்களிடம் சோதித்தார்களா என்பதை ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் நீங்களே தேடலாம். 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளுக்கு அங்கே பதிவு கட்டாயம்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர் இதை நம்பித் திடீரென நிறுத்தினால், வலியோடு வாந்தியும் வயிற்றுப்போக்கும் நடுக்கமும் சேர்ந்து வரக்கூடும். தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் "அது தவறு" என்று எழுதிவிடுங்கள்.