சீனா என்று சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்த பிள்ளைகள் வினாடி வினாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லோரும் பார்த்தாகிவிட்டது, பகிர்ந்தாகிவிட்டது, சிரித்தும் ஆகிவிட்டது. உலகின் மூன்றாவது பெரிய நாடு எது என்று கேட்டார்கள். சீனா என்றாள் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. "தவறு, அமெரிக்கா" என்றார் நடத்தியவர். அங்கே நிறுத்தியிருக்கலாம். "புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லையா பாப்பா?" என்று ஒலிபெருக்கியில் ஒரு கேலி வேறு. அந்தப் பிள்ளை மேடையிலிருந்து இறங்கிப் போன விதத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஐயா, எதை அளந்தீர்கள்? அதைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேளுங்கள். நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

அமெரிக்க உளவுத்துறை ஆண்டுதோறும் வெளியிட்ட உலகத் தகவல் நூலில், 1996 வரை அவர்கள் நாட்டின் பரப்பு 93,72,610 சதுர கிலோமீட்டர். சீனாவுக்கு 95,96,960. அதாவது அமெரிக்கர்கள் தாங்களே போட்ட கணக்கில் சீனாதான் மூன்றாவது. 1997இல் பார்த்தால் அமெரிக்கா 96,29,091 ஆகிவிட்டது. எந்த நாட்டையும் பிடிக்கவில்லை, கடலைத் தூர்க்கவில்லை. கனடா எல்லையில் இருக்கும் பேரேரிகளில் தங்கள் பங்கையும் கரையோர நீரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். 2007இல் கரைக்கு அப்பால் தங்கள் எல்லைக்குள் வரும் கடலையும் சேர்த்து 98,26,630. ஒரு பிடி மண் கூடாமலேயே நாடு வளர்ந்துவிட்டது. நம் மேடையில் இருந்தவருக்கு அந்தக் கடைசி எண் மட்டும் வேதவாக்கு.

தண்ணீரே வேண்டாம், நிலத்தை மட்டும் எடுப்போம் என்றால் இன்னும் வேடிக்கை. எல்லாப் பாடநூல்களிலும் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருக்கும் கனடாவின் மொத்தப் பரப்பு 99,84,670. அதில் ஏரியும் ஆறும் கழிந்தால் 90,93,507தான் மிஞ்சும். சீனா இரண்டாவதாகும், அமெரிக்கா மூன்றாவதாகும், கனடா நான்காவதுக்கு இறங்கும். இப்படிப் பார்த்தால் நடத்தியவர் சொன்னது சரிதானே என்று ஒருவர் கேட்கக்கூடும். சரிதான். ஆனால் அவர் நிலப்பரப்பு என்று கேட்கவில்லையே. 'பெரிய நாடு' என்று மொட்டையாகக் கேட்டுவிட்டு, பிள்ளையின் தலையில் குட்டினால் எப்படி?

"ஒரு பொது அறிவுக் கேள்விக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆமாம், இவ்வளவும்தான். கேலி செய்ய நேரம் இருந்ததல்லவா? "கேள்வியைத் தயாரித்தவர் பாவம், ஏதோ வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்ததை எடுத்திருப்பார்" என்றார் இன்னொருவர். அதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தயாரித்தவர் மீது எனக்குக் கோபமில்லை. புத்தகத்தைத் திறந்தாயா என்று கேட்டவர் இரண்டாவது புத்தகத்தைத் திறக்கவில்லையே என்பதுதான் கோபம்.

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் கணக்கு 32,87,263 சதுர கிலோமீட்டர். பாகிஸ்தான், சீனா ஆகியவற்றின் பிடியில் இருக்கும் பகுதிகளும் இதில் அடக்கம். அவற்றைச் சேர்க்காத வெளிநாட்டு நூல்களில் சுமார் 31,66,000 என்று இருக்கும். கூட்டல் கழித்தலில் யாரும் தவறவில்லை. எதை நம்முடையது என்று எண்ணினார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்த ஞானம் இல்லை. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் கடலைப் பார்த்த மாதிரி எங்களுக்கு ஒரு மனை இருந்தது. சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் கட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் தெற்கே தங்கியது. மெரினா அகன்றது, எங்கள் பக்கம் கடல் தின்றது. மனையின் கிழக்கு ஓரம் கண்ணெதிரே போய்விட்டது. அம்மா சர்வேயரிடம் கேட்டார்: "ஐயா, இப்போது எங்களுக்கு எவ்வளவு இருக்கிறது?" அவர் புலப்படத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பட்டாவில் உள்ளதுதான் அம்மா அளவு" என்றார். முக்கால் கிரவுண்டு. அதில் பாதியில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் நல்லவர்தான், மோரைக் குடித்துவிட்டுத்தான் போனார். ஆனால் காகிதத்தில் இருந்த எங்கள் நிலத்தில் நாங்கள் ஒரு கீற்றுக்கொட்டகைகூடப் போட முடியவில்லை. அன்றிலிருந்து பரப்பு என்று யார் ஓர் எண்ணைச் சொன்னாலும், யார் அளந்தது, எப்போது, எதைச் சேர்த்து என்று கேட்கும் புத்தி வந்துவிட்டது.

"சென்னையில் வளரும் பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?" என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். எந்தச் சென்னை ஐயா? 2011 வரை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர். அதில் நாங்கள் இல்லை. திருவொற்றியூர் தனி நகராட்சி, மணலியும் கத்திவாக்கமும் அப்படியே. அவற்றையெல்லாம் சேர்த்த பிறகு 426. அதன் பிறகும் மாவட்டக் கணக்கில் திருவள்ளூர்தான், 2018இல்தான் அதுவும் மாறியது. பெருநகரப் பகுதி என்று கேட்டால் 1,189, அதை 2022இல் விரித்ததும் 5,904. நான் வீடு மாறவே இல்லை. என்னை எப்போது சென்னைக்காரன் என்று எண்ணுவது என்பதை மட்டும் வேறு யாரோ முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

அனல்மின் நிலையம் கட்டும்போது நாங்கள் சென்னை. எண்ணெய்க் குழாய் பதிக்கும்போது சென்னை. சாம்பல் கொட்டும்போது நிச்சயமாகச் சென்னை. பிள்ளை மேடை ஏறினால் மட்டும் "அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இப்படித்தான்". இதையும் ஒருவர் எழுதியிருந்தார், பிறகு அழித்துவிட்டார். நான் படித்துவிட்டேன்.

நான் ஊர்ப்பற்றில் பேசுகிறேன் என்பார்கள். பேசினால் என்ன? 1794இல் நில அளவைக்கென்று பள்ளி தொடங்கியது இங்கே பக்கத்தில், கோட்டையருகே. பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது அதுதான். 1802இல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியாவை அளப்பதற்கு முதல் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான நேர்கோட்டை, அளந்து போட்டது பரங்கிமலைக்கு அருகே. நாட்டை எப்படி அளப்பது என்று கற்றுக்கொடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, எதை அளந்தோம் என்று சொல்லத் தெரியாமல் ஒரு பிள்ளையை அழ வைத்திருக்கிறோம்.

அவளுக்கு அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பரிசு என்ன, ஒரு டிபன் பாக்ஸ்தானே. சிரித்ததற்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் கேலி செய்தவர், அதே ஒலிபெருக்கியில் சொன்னால் போதும். அடுத்த மாதமும் அதே மண்டபத்தில்தான் நடத்தப் போகிறீர்களாம். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.