கேள்வி கேட்டவரை விடுங்கள், கேட்கச் சொல்லி அனுப்பியவர்களைக் கேளுங்கள்

அந்தத் திண்ணை வீடியோவை இன்னும் எத்தனை பேர் எனக்கு அனுப்பப் போகிறீர்கள்? பார்த்தாச்சு. மாமனார் நாற்காலியில், கொழுந்தன் வாசற்படியில், நடுவில் மருமகள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற சுகாதாரத் தன்னார்வலர் படிவத்தைப் பார்த்துச் சத்தமாகப் படிக்கிறார்: "கணவரோடு சேர்ந்த பிறகு ரத்தம் படுதா?" அந்தப் பெண் தலை கவிழ்கிறாள். படம் பிடிக்கிறவன் சிரிக்கிறான். நீங்களும் சிரித்தீர்கள்.

அந்தக் கேள்வி தன்னார்வலர் சொந்தமாக யோசித்துக் கொண்டுவந்தது இல்லை. 30 வயது தாண்டியவர்களிடம் சுகர், பிரஷர், புற்றுநோய் மாதிரித் தொற்றா நோய்களுக்காக வீடு வீடாகக் கேட்க வேண்டிய அரசுப் படிவத்தில் இருப்பது. மார்பில் கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு எல்லாம் அதே படிவத்தில்தான், புகையிலை போடுவீர்களா என்ற கேள்விக்குக் கொஞ்சம் கீழே. உறவுக்குப் பிறகு ரத்தம் படுவது கருப்பைவாய்ப் புற்றுநோயின் அறிகுறிகளில் ஒன்று. கேட்டே ஆகவேண்டிய கேள்வி. எப்படிக் கேட்பது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இதை மட்டும் ஒருவரும் கேட்கக் காணோம்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். இந்த மாதிரிப் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்தவள். பிரஷர் பட்டையை எப்படிச் சுற்றுவது, சுகர் ஸ்ட்ரிப்பில் ரத்தத்தை எப்படித் தொடுவது, செயலியில் எந்தப் பெட்டியை அமுக்குவது... இதற்குள் சாப்பாடு வந்துவிடும். வாயைத் திறந்து எப்படிப் பேசுவது என்பதற்கு நேரம் இருக்காது. "வரிசைப்படி கேட்டு டிக் பண்ணுங்க" என்பதோடு சரி.

எனக்கு ஒரு மூத்த நர்சம்மா வாய்த்தார். காப்பர் டி பற்றிப் பேசவேண்டிய வீட்டில் அவர் விஷயத்தைத் திண்ணையில் எடுக்கவே மாட்டார். மாமியாரின் முட்டுவலியை விசாரிப்பார். அப்புறம் "குழந்தைக்கு எடை பார்க்கணும், உள்ளே எங்கே மாட்டலாம்?" என்று தொங்கு தராசோடு எழுந்துவிடுவார். உத்தரத்தில் தராசு ஆடும், பிள்ளை வீறிட்டு அழும், அந்தச் சத்தத்துக்குள் மருமகளிடம் பேசவேண்டியதைப் பேசி முடித்திருப்பார். "உன்னை மட்டும் கேக்கல தாயி, எல்லார்கிட்டயும் கேக்குறதுதான்" என்றுதான் ஆரம்பிப்பார். என்ன பதில் வந்தாலும் முகம் மாறாது. நான் கற்றது இதைக் கூடவே நின்று பார்த்து. இன்றைய தன்னார்வலருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர், அதுவும் அதே ஊர்க்காரர். நாளைக்குக் குழாயடியில் பார்க்கப் போகிறவரிடம் ஒருத்தி அந்தரங்கத்தைச் சொல்ல வேண்டுமென்றால் எவ்வளவு நம்பிக்கை வேண்டும்?

உடனே வருவீர்கள், "இதுக்கெல்லாம் பயிற்சியா, பொது அறிவு போதாதா?" என்று. போதாது சார். நான் போன ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில், இருபது பேர் காத்திருக்கும் கூடத்தில், திரைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் கத்தினார்: "எத்தனை அபார்ஷன்மா ஆச்சு?" அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. எம்.டி. படித்தவரிடம் எதிர்பார்க்காத பொது அறிவை, மாத ஊக்கத்தொகைக்கு வெயிலில் நடக்கிற பெண்ணிடம் எதிர்பார்க்கிறீர்கள்.

இதையெல்லாம் பெண்ணிடம் கேட்டால் கலாச்சாரம் கெட்டுவிடும் என்கிற காவலர்களே, உங்களுக்கும் பதில் உண்டு. பெண்ணுக்கு ரத்தம் போனால் கலாச்சாரம் கெடாது, அதை ஒருவர் கேட்டால்தான் கெடும், அப்படித்தானே?

"அந்த மருமகளின் மானம்?" என்கிறார் ஒரு தோழி. நியாயம். ஆனால் திண்ணையில் இருந்தவர்கள் நாலு பேர். ஊர் உலகத்துக்கு அனுப்பியது யார்?

இதே மாதிரி அந்தரங்கமான இன்னொன்று, வீட்டு வன்முறை. அதைப் பற்றி ஒரு பெண்ணிடம் கேட்பதென்றால் அவள் தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே கையேடு போட்டுச் சொல்லிவிட்டது. பயிற்சி வகுப்பில் ஒருத்தி மாமியாராக, ஒருத்தி மருமகளாக உட்கார்ந்து நடித்துப் பழக எவ்வளவு நேரம் ஆகும்? அவள் அழுதால் என்ன செய்வது, அடி வாங்குகிறேன் என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ எப்படிச் சொல்வது, எதை வெளியே சொல்லக் கூடாது, இதையெல்லாம் யார் பழக்குகிறார்கள்? 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோதும், 2024-ல் ஐ.நா. விருது வந்தபோதும் இந்தத் தன்னார்வலர்களைத்தான் கொண்டாடினோம். கைதட்டு மட்டும் தாராளம்.

என் சின்ன அத்தைக்கு அப்படித்தான் ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது ஆபரேஷன் கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். திண்ணையில் வைத்துச் சத்தமாகவாவது ஒருத்தி கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது தப்பா? தப்பென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் சிரிப்பின் பலன் என்ன தெரியுமா? அந்தத் தன்னார்வலர் நாளைக்கும் அதே தெருவுக்குத்தான் போகவேண்டும். இனி அந்தக் கேள்வியை எந்த வீட்டிலும் வாய் திறந்து கேட்கமாட்டார். எல்லாருக்கும் "இல்லை" என்று டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். ரெவ்யூ மீட்டிங்கில் அவருடைய பகுதிதான் நூற்றுக்கு நூறு காட்டும்.